இரண்டு ரொக்கெட் கிட், ஓர் உயரமானி: மலையகத்தில் ஏவுவோருக்கான கேள்வி பதில்

ஒரு கிட் போதாதா? ஏன் இரண்டைச் சேர்க்க வேண்டும்?

சாதாரண மாதிரி ரொக்கெட் கிட்டில் பொருள் வைக்க இடம் இருக்காது. மூக்குக் கூம்புக்கு அடியில் இருப்பது பரசூட். அதற்குக் கீழே மோட்டார். பரசூட்டைத் தள்ள மோட்டார் கக்கும் சூடான வாயு அந்த வழியாகத்தான் வருகிறது. அங்கே உயரமானியை (அல்டிமீட்டரை) வைத்தால் சென்சர் கருகும், அழுத்த அளவும் குழம்பும். தனிச் சுமை அறை ஒன்று தேவை. இரண்டாவது கிட்டின் குழாயும் மூக்கும் அந்த அறையாகின்றன. மோட்டார், செட்டை, பரசூட் எல்லாம் முதல் கிட்டிலேயே இருக்கும்.

எந்த இரண்டு கிட் ஒன்றோடொன்று பொருந்தும்?

குழாயின் அளவு ஒன்றாக இருந்தால் வேலை பாதி முடிந்தது. எஸ்டெஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கிட்களில் அடிக்கடி வரும் குழாய் அளவுகள்: பி.டி-20 (வெளிவிட்டம் 18.7 மி.மீ.), பி.டி-50 (24.8), பி.டி-55 (33.7), பி.டி-60 (41.6). முதல் முறை செய்பவர்கள் இரண்டு பி.டி-50 கிட்டை எடுப்பதே நல்லது. உள்விட்டம் 24.1 மி.மீ. என்பதால் 20 மி.மீ.க்கு மேற்படாத அகலமுள்ள மின்சுற்றுப் பலகை உள்ளே நிற்கும். பி.டி-20இல் வீட்டில் செய்த உயரமானி எதுவும் ஒழுங்காக நுழையாது.

வேறு வேறு அளவென்றால் இடையில் கூம்பு வடிவ மாற்றுத் துண்டு வேண்டும். மேல் பகுதி கீழ்ப் பகுதியை விடத் தடித்திருந்தால் காற்றழுத்த மையம் (காற்றின் விசை முழுவதும் சேர்ந்து தாக்குவதாகக் கொள்ளும் புள்ளி) முன்னால் நகரும், செட்டையைப் பெரிதாக்க வேண்டி வரும். அது இரண்டாவது ரொக்கெட்டுக்கு உரிய வேலை.

இரண்டாவது கிட்டின் செட்டைகளையும் ஒட்டினால் இன்னும் நேராகப் போகுமா?

மாறாக, புரளும். முன்பக்கச் செட்டை காற்றழுத்த மையத்தை முன்னுக்கு இழுக்கிறது. இரண்டாவது கிட்டில் வேண்டியது மூக்குக் கூம்பும் 12 செ.மீ. குழாயும்தான். மற்றதை உதிரிப் பாகமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் தரையிறக்கத்திலேயே ஒரு செட்டை முறிவது வழக்கம்.

எப்படி இணைப்பது?

முதலில் குழாயை வெட்டும் இடம். ஒரு தாள் பட்டையைக் குழாயைச் சுற்றி விளிம்போடு விளிம்பு பொருந்த ஒட்டி, அதன் ஓரமாகக் கோடு கீறுங்கள். புதிய பிளேடால் ஒரே அழுத்தாக அல்ல, ஐந்தாறு சுற்றாக வெட்டுங்கள். வெட்டு சாய்ந்தால் ரொக்கெட் வளைந்துதான் நிற்கும்.

அடுத்தது உள்ளே நுழையும் கப்ளர் குழாய். பி.டி-50க்கு 50 மி.மீ. நீளம் குறைந்தபட்சம். பாதி மேலே, பாதி கீழே. மேல் பாதியைச் சுமை அறைக்குள் ஒட்டிவிட வேண்டும். கீழ் பாதியில் பசை படவே கூடாது, ஏனெனில் வானில் பிரிய வேண்டிய இடம் அதுதான்.

கப்ளரின் கீழ் வாயை 3 மி.மீ. பிளைவுட் தடுப்பு வட்டத்தால் அடையுங்கள். அதன் நடுவில் சிறிய திருகு வளையம். வட்டத்தைச் சுற்றி எபொக்சி விடும்போது ஊசித்துளைகூட மிஞ்சக்கூடாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மற்ற இடமெல்லாம் ஹார்ட்வெயாரில் பைண்டர் கம் என்று கேட்டு வாங்கும் வெள்ளை மரப்பசை போதும். எபொக்சியை எல்லா மூட்டுக்கும் பூசுவது எடையைக் கூட்டும் கெட்ட பழக்கம்.

பிறகு, வானில் பிரியும் இரண்டு பகுதியையும் பிணைக்கும் இழுவைக் கயிறு. கிட்டோடு வரும் இறப்பர் நாடா அரை மீற்றர் அளவுதான் இருக்கும். முன்னால் 30 கிராமுக்கு மேல் தொங்கும்போது அது போதாது. சுமை அறை முழு வேகத்தில் போய்க் கயிற்றை இழுக்க, கயிறு காகிதக் குழாயின் விளிம்பைக் கத்தியாகக் கிழித்துவிடும். ரொக்கெட் நீளத்தின் மூன்று மடங்குக்குக் குறையாத தட்டையான இலாஸ்டிக்கை வளையத்தில் கட்டுங்கள்.

மூக்குக் கூம்பு சுமை அறையிலிருந்து கழரக்கூடாது. மாஸ்கிங் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். கப்ளர் பக்கம் அப்படியல்ல: மேல் பகுதியைப் பிடித்துத் தூக்கினால் கீழ்ப் பகுதி தானாக விழாமல் நின்று, மெதுவாக உலுக்கினால் நழுவி வர வேண்டும். இந்தச் சோதனையை வீட்டில் செய்தால் மட்டும் போதாது, மைதானத்தில் ஏவும் முன்னும் செய்யுங்கள். காரணம் கீழே, ஈரம் பற்றிய கேள்வியில்.

எடை எவ்வளவு வரலாம்? எந்த மோட்டார்?

உதாரணக் கணக்கு ஒன்று. முதல் கிட் பரசூட்டோடு 42 கிராம். சுமை அறை, மூக்கு, கப்ளர், தடுப்பு 20 கிராம். உயரமானி பற்றரியோடு 12 கிராம். பசையும் பெயிண்டும் 6. மொத்தம் 80. பி6-4 மோட்டார் ஏறத்தாழ 20 கிராம், ஆக ஏவும் எடை 100. இந்த மோட்டாருக்கும் சி6-5க்கும் தயாரிப்பாளர் சொல்லும் உச்ச ஏவு எடை 113 கிராம். ஆகவே கையில் 13 கிராமே மிச்சம். ஸ்ப்ரே பெயிண்ட் இரண்டு கோட் அடித்தால் அதிலும் பாதி போய்விடும். சமையலறைத் தராசு 5 கிராம் கணக்கில் காட்டினால் அதை நம்பாதீர்கள், 1 கிராம் காட்டும் தராசு தேவை.

மோட்டார் பெயரை வாசிக்கும் விதம்: எழுத்து மொத்த உந்தம் (பி என்றால் 2.5க்கு மேல் 5 நியூட்டன்-செக்கன் வரை, சி என்றால் 10 வரை), முதல் எண் சராசரி உந்துவிசை, கடைசி எண் எரிந்து முடிந்தபின் பரசூட்டைத் தள்ளும்வரை உள்ள செக்கன். பூச்சியத்தில் முடிந்தால் பரசூட்டைத் தள்ளும் மருந்து அதில் இல்லை, இந்த ரொக்கெட்டுக்கு ஆகாது.

100 கிராம் ரொக்கெட் பி6-4இல் 70 முதல் 80 மீற்றர் வரை போகும். சி6-5இல் 180 முதல் 220. சிறிய எண்ணைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். மலையகத்தில் ரொக்கெட்டுக்கு எல்லை போடுவது மோட்டாரல்ல, மைதானம். அமெரிக்க தேசிய ரொக்கெட் சங்கத்தின் பாதுகாப்பு விதிப்படி பி மோட்டாருக்கு மைதானத்தின் குறுகிய பக்கமே 60 மீற்றர் இருக்க வேண்டும், சி மோட்டாருக்கு 120, டி மோட்டாருக்கு 150. ஒரு தோட்டத்து உதைபந்தாட்ட மைதானம் பி மோட்டாருக்குத்தான் சரி. உயரமானிக்கோ 75 மீற்றரே தாராளம்.

ஒரு எச்சரிக்கை: 100 கிராமில் பி6 மோட்டாரோடு ரொக்கெட் ஏவு கம்பியை (கிளம்பும்போது அதை நேராகப் பிடிக்கும் கம்பியை) விட்டுப் போகும் வேகம் சற்றுக் குறைவு. பாதுகாப்பான வேகம் செக்கனுக்கு 13 மீற்றர் அளவு. வழக்கமான 90 செ.மீ. கம்பியில் அது கிடைக்காது. 120 செ.மீ. நீளமும் 5 மி.மீ. அளவு தடிப்பும் உள்ள நேரான எஃகுக் கம்பி எடுங்கள், அதற்கேற்ற சிறு குழலை ரொக்கெட்டில் ஒட்டுங்கள். 3 மி.மீ. கம்பி இந்த நீளத்தில் சாட்டையாக ஆடும். அப்படியும் காற்றில்லாத நேரத்தில் மட்டுமே ஏவ வேண்டும். எடையை 90 கிராமுக்கு இறக்க முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

மோட்டாரை இணையத்தில் வாங்கி வரவழைக்கலாமா?

கூடாது. உள்ளே இருப்பது கருமருந்து. இலங்கையில் அது 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டத்துக்குள் வரும் பொருள். அனுமதிப் பத்திரம் இல்லாமல் தருவிப்பதோ பார்சலில் போடுவதோ குற்றம். பாடசாலை அல்லது கழகம் எழுத்தில் விண்ணப்பித்து, பொறுப்பாளர் ஒருவரின் பெயரில் அனுமதி பெற்று வருவதே வழி. வான்வெளிக்குச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபை, இடத்துக்குத் தோட்ட நிர்வாகம் அல்லது பிரதேச சபை, தகவலுக்குப் பொலிஸ் நிலையம் என்று எல்லாமே கடிதமாக இருக்கட்டும்.

வீட்டில் மருந்து கலப்பது, வாணத்தைப் பிரித்து மோட்டாராக்குவது இரண்டுக்கும் இங்கே பதில் கிடையாது. கை போகும்.

அனுமதி வரும்வரை சும்மா இருக்கவும் தேவையில்லை. 1.5 லீற்றர் சோடாப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டு, அழுத்தமானி உள்ள சைக்கிள் பம்பால் 4 பார் வரை ஏற்றும் நீர் ரொக்கெட்டில் அதே சுமை அறையை ஏற்றிப் பார்க்கலாம். உயரமானி, துளைகள், பதிவு எல்லாம் அதிலேயே சோதனையாகிவிடும். கீறல் விழுந்த போத்தலை எடுக்காதீர்கள். அழுத்தம் ஏறியபின் யாரும் கிட்டப் போகவும் கூடாது.

முன்னால் எடை ஏறினால் கவிழாதா?

பயம் தலைகீழானது. முன்னால் எடை ஏறினால் புவியீர்ப்பு மையம் முன்னால் போகிறது, நிலைத்தன்மை கூடுகிறது. புவியீர்ப்பு மையம் காற்றழுத்த மையத்துக்கு முன்னால், குறைந்தது ஒரு குழாய் விட்டம் தள்ளி இருக்க வேண்டும் என்பதே விதி. 61 செ.மீ. ரொக்கெட்டில் மூக்கு நுனியிலிருந்து 38 செ.மீ.இல் புவியீர்ப்பு மையம், 44இல் காற்றழுத்த மையம் என்றால் இடைவெளி 6 செ.மீ., அதாவது 2.4 விட்டம். போதும். மூன்றரை, நான்கு என்று போனால் ரொக்கெட் காற்று வரும் திசைக்கு மூக்கைத் திருப்பிச் சாய்ந்து ஓடும். மலைச் சரிவில் அது பெரிய தலையிடி.

காற்றழுத்த மையத்தைக் கணிக்க ஓப்பன்ரொக்கெட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் ஏவுமிட உயரத்தை நுவரெலியாவானால் 1868 மீற்றர் என்று மாற்ற மறக்காதீர்கள். பிறகு நூல் சோதனை: எரியாத மோட்டாரை உள்ளே வைத்து, புவியீர்ப்பு மையத்தில் இரண்டு மீற்றர் நூலைக் கட்டித் தலைக்கு மேல் சுழற்றுங்கள். மூக்கு முன்னால் போனால் சரி. மோட்டார் இல்லாமல் செய்யும் சோதனைக்குப் பெறுமதி இல்லை. பின்னால் ஏறும் அந்த 20 கிராம்தான் மையத்தைப் பின்னுக்கு இழுப்பது.

உயரமானியை வாங்குவதா, செய்வதா?

கடையில் விற்பது சிறியது, நம்பகமானது, விலை கூடியது. செய்வதென்றால் பி.எம்.பி.280 அழுத்தச் சென்சரும் 3.3 வோல்ட் ஆர்டுயினோ புரோ மினி என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையும் 150 மில்லி அம்பியர்-மணி லிதியம் பற்றரியும் போதும். சென்சரின் எல்லை 300 முதல் 1100 ஹெக்டோபாஸ்கல் (வளியழுத்தத்தின் அலகு). ஒப்பீட்டுத் துல்லியம் 0.12 ஹெக்டோபாஸ்கல், அதாவது ஏறத்தாழ ஒரு மீற்றர்.

எஸ்.டி. கார்டில் பதியாதீர்கள். ஏவும்போது 11 மடங்கு புவியீர்ப்பு வரை குலுங்கும். கார்டு தொடுப்பு ஒரு கணம் விட்டால் கோப்பு முழுக்கப் போச்சு. ஆர்டுயினோவின் சொந்த ஈப்ரொமில் (மின்சாரம் நின்றாலும் அழியாத நினைவகத்தில்) 1024 பைட் உண்டு. ஒரு அளவுக்கு 2 பைட், செக்கனுக்கு 10 அளவு என்றால் 51 செக்கன் பதியலாம். 75 மீற்றர் ஏறி 18 செக்கனில் இறங்கும் பறப்புக்கு அது மிச்சம்.

பலகையை மெல்லிய ஸ்பஞ்சில் சுற்றி அறைக்குள் இறுக்குங்கள். ஆனால் சென்சரின் சிறு துவாரத்தை ஸ்பஞ்ச் அடைக்கக்கூடாது. நேர் வெளிச்சமும் படக்கூடாது, இந்தச் சென்சர் வெளிச்சத்துக்கு அளவு மாற்றும். பற்றரி வயரை டேப்பால் கட்டுங்கள்.

அறைக்கு எத்தனை துளை?

அறையில் மிஞ்சும் இடம் சுமார் 35 கன செ.மீ. சுற்றளவை மூன்றாகப் பிரித்து 1 மி.மீ. துளை மூன்று. ஒரே துளை போட்டால் காற்று அந்தப் பக்கம் அடிக்கும்போது அளவு ஏறி இறங்கும், மூன்றில் அது சமனாகும். மூக்குக் கூம்பின் தோளுக்கு உடனே கீழே துளைக்காதீர்கள். அங்கே காற்று வேகமாக வளைவதால் அழுத்தம் குறைந்து, உயரம் பொய்யாகக் கூடும். முடிந்தவரை கீழே, ஆனால் கப்ளருக்கு மேலே. துளையின் வெளி விளிம்பில் பிசிர் நிற்காமல் சேண்ட் பேப்பரால் தேய்த்துவிடுங்கள்.

மலையில் உயரமானி சரியாகக் காட்டுமா?

காட்டும், கணக்கு சரியாக இருந்தால். பலர் சறுக்கும் இடம் இது.

நுவரெலியாவில் வளியழுத்தம் 808 ஹெக்டோபாஸ்கலுக்குக் கிட்ட. ஹட்டனில் (1270 மீற்றர் அளவு) 870. கடல் மட்டத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் எட்டரை மீற்றர் ஏறியதாகப் பொருள். நுவரெலியாவில் அதே ஒன்று 10.5 மீற்றர். 75 மீற்றர் பறப்பில் அழுத்தம் 7 ஹெக்டோபாஸ்கல் மட்டுமே குறையும்.

பலரும் எழுதும் சமன்பாடு: உயரம் = 44330 × (1 − (அழுத்தம் ÷ அடி அழுத்தம்) இன் 0.1903 அடுக்கு). இதை இரண்டு விதமாகப் பாவிக்கலாம். அடி அழுத்தமாக 1013.25ஐப் போட்டு, ஏவு கம்பியடியிலும் உச்சியிலும் உயரம் கண்டு கழிப்பது ஒன்று. அப்போது சமன்பாடு நுவரெலியாவின் வெப்பநிலை 3 பாகை செல்சியஸ் என்று எடுத்துக்கொள்கிறது. உண்மையில் பகலில் 18 பாகை. விளைவு: 5 வீதம் குறைவாகக் காட்டும், 75 மீற்றர் 71 ஆகும். மற்றது, ஏவு கம்பியடியில் அளந்த அழுத்தத்தையே அடி அழுத்தமாகப் போடுவது. அப்போது அடியில் 15 பாகை என்று கொள்ளும். நுவரெலியாவில் பிழை ஒரு வீதம்தான். 24 பாகையுள்ள பண்டாரவளையில் 3 வீதம். இரண்டாவது முறையே நல்லது. இன்னும் திருத்த, வந்த உயரத்தை (273 + அன்றைய வெப்பநிலை) ÷ 288 ஆல் பெருக்குங்கள்.

ஏவும் முன்னரே பதிவு தொடங்கிவிடுகிறது. ஏன்?

லயத்தடியில் ஆன் செய்து, படியேறி மைதானத்துக்குக் கொண்டுபோனால் 20 மீற்றர் ஏறியதை அது ஏவுதல் என்றே எண்ணும். ஏவு கம்பியில் ஏற்றிய பிறகு ஆன் செய்யுங்கள், ஒரு நிமிடம் அசையாமல் விடுங்கள். தொடங்கும் எல்லையை 10 மீற்றரில் வைக்கலாம். 3 மீற்றரில் வைத்தால் ஒரு பலத்த காற்றே தொடக்கிவிடும்.

கடைசி அளவு கழித்தல் 25 மீற்றர் என்று வந்தால் சென்சர் பழுதில்லை. ரொக்கெட் கீழ் மலையில் விழுந்திருக்கிறது. தேடிப் போக அதுவே நல்ல துப்பு.

உச்சியில் திடீரென்று ஒரு பள்ளமோ முள்ளோ தெரிகிறதே?

பரசூட் தள்ளும் வாயு தடுப்பு வட்டத்தின் வழியாகக் கசிந்திருக்கிறது. அழுத்தம் ஏறினால் உயரம் குறைந்ததாகத் தெரியும். எபொக்சி ஓரத்தைத் திரும்பப் பூசுங்கள். மேலே குத்திய முள்ளென்றால் அந்தத் தள்ளலில் மூக்கு கழன்றதா, பற்றரித் தொடுப்பு விட்டதா என்று பாருங்கள். கணக்கில் அந்தக் கால் செக்கனை நீக்கிவிட்டு, அதற்கு முந்திய அளவுகளில் உச்சத்தை எடுங்கள்.

பரசூட் எத்தனை செ.மீ.?

நுவரெலியாவின் காற்று கொழும்புக் காற்றை விட ஆறில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. அதே பரசூட் இங்கே ஏறத்தாழ 9 வீதம் வேகமாக இறங்கும். 100 கிராமுக்கு 45 செ.மீ. பரசூட்டில் செக்கனுக்கு 4 மீற்றர், 30 செ.மீ.இல் 6 மீற்றர். புல்தரைக்கு இரண்டும் தாங்கும். செக்கனுக்கு 3 மீற்றர் காற்றில் 75 மீற்றர் உயரத்திலிருந்து 45 செ.மீ. பரசூட் 55 மீற்றர் தள்ளிப் போகும். சி6இல் 200 மீற்றரிலிருந்து என்றால் 150 மீற்றர். மைதானம் எங்கே, அது எங்கே!

பரசூட்டுக்கும் மோட்டாருக்கும் இடையே தீப்பிடிக்காத காகிதம் 3 அல்லது 4 தாளைக் கசக்கி வைக்க வேண்டும். டிஷ்யூ பேப்பர் எரிந்தபடி புல்லில் விழும். கிட்டின் காகிதம் முடிந்துவிட்டால் கோவா இலை ஒன்றைச் சுருட்டி வைத்தாலும் வேலை நடக்கும், நுவரெலியாவில் கோவாவுக்கா பஞ்சம்? ஈரத்தைத் துடைத்துவிட்டு வையுங்கள்.

எங்கே, எந்த மாதம், எத்தனை மணிக்கு?

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. சனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். பண்டாரவளை, அப்புத்தளை, வெலிமடைப் பக்கம் தலைகீழ்: திசெம்பரில் மழை, சூன் முதல் ஆகஸ்ட் வரை உலர்ந்து பலத்த காற்று. அந்த உலர்ந்த மாதங்களில் புல்மலை ஒரு பொறியில் பற்றும். ஏவு கம்பியடியில் தகடு போட்டு, சுற்றி ஒன்றரை மீற்றர் புல்லைச் செதுக்கி, இரண்டு வாளி தண்ணீரும் ஈரச் சாக்கும் வைத்த பிறகே ஏவுங்கள். ஹோட்டன் சமவெளி போன்ற காப்புப் பகுதிகளை நினைக்கவே வேண்டாம்.

நேரம் காலை 7 முதல் 9 வரை. வெயில் ஏறினால் பள்ளத்திலிருந்து காற்று சரிவில் மேலே ஏறத் தொடங்கும். மைதானத்தில் அசைவில்லாமல் தெரிந்தாலும் 50 மீற்றர் மேலே அப்படியிராது. மேட்டில் நிற்கும் யூக்கலிப்டஸ் நுனிகளைப் பாருங்கள், அவை ஆடினால் ஏவாதீர்கள். பனி மூடி மர உச்சி தெரியாவிட்டாலும் வேண்டாம்.

மழைக்காலத்தில் கட்டிய ரொக்கெட் ஏன் பிரியவில்லை?

காகிதக் குழாய் ஈரத்தை உறிஞ்சி ஊதும். வீட்டில் வழுக்கிய கப்ளர் மைதானத்தில் இறுகிவிடும். தள்ளும் வாயுவுக்கு மூட்டு அசையாவிட்டால் மோட்டாரே பின்னால் தெறித்து, ரொக்கெட் ஈட்டியாக இறங்கும். குழாயின் வெட்டிய விளிம்பிலும் உட்புறத்திலும் நீர்த்த மரப்பசை ஒரு கோட் பூசிக் காயவிடுங்கள். கப்ளரை நுண்ணிய சேண்ட் பேப்பரால் தேய்த்து முகப் பவுடர் தடவுங்கள். பிளாஸ்டிக் பரசூட்டுக்கும் அதே பவுடர்தான். அதிகாலைக் குளிரில் பிளாஸ்டிக் மடிப்பிலேயே ஒட்டி நிற்கும், எனவே பரசூட்டை ஏவுவதற்குச் சற்று முன்னர் மடியுங்கள், முதல் நாள் இரவு அல்ல.

மோட்டாரை அடுப்படியிலும் வேன் டாஷ்போர்டிலும் வைக்காதீர்கள். சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டால் உள்ளே மருந்து குழாயை விட்டு விலகி, ஏவும்போது வெடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில், அனுமதியில் சொன்ன இடத்தில் மட்டும்.

பட்டனை அழுத்தியும் கிளம்பவில்லை.

ஏவும் பெட்டியின் பாதுகாப்புச் சாவியைக் கழற்றுங்கள், ஒரு நிமிடம் யாரும் நகர வேண்டாம். பிறகு பாருங்கள். பெரும்பாலும் பற்றவைக்கும் கம்பி மருந்தைத் தொடவில்லை, அல்லது கிளிப்பில் கரி. பனியில் நனைந்த பற்றரிப் பெட்டியும் காரணமாகலாம். ஏவும்போது எல்லோரும் 5 மீற்றருக்குக் குறையாமல் தள்ளி நிற்பது எப்போதும் உள்ள விதி. பிள்ளைகளை 10 மீற்றருக்கு அப்பால் நிறுத்துங்கள்.

இரண்டு கிட் இருக்கிறதே, இரண்டு மோட்டாரை அடுக்கினால்?

இந்த மைதானங்களில் வேண்டாம். இரண்டாவது மோட்டார் சாய்ந்த நிலையில் பற்றினால் ரொக்கெட் லயத்துக் கூரையை நோக்கியும் போகும்.

தேயிலைக்குள் விழுந்தால்?

விழும் திசையை இரண்டு பேர் இரண்டு இடத்தில் நின்று கைநீட்டிப் பிடியுங்கள். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் தேடினால் போதும். பரசூட் செம்மஞ்சளாக இருக்கட்டும், பச்சைக்குள் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. உயரமானியோடு சிறு பசர் இருந்தால் ஐந்து நிமிட வேலை ஒரு நிமிடத்தில் முடியும்.

தோட்டத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள். மருந்து அடித்த மலைக்குள் அன்று போகக்கூடாது. நிரைக்கு நடுவே நடங்கள், கான் எங்கே ஓடுகிறது என்று பார்த்து, செடியின் மட்டத்தில் கை ஊன்றாமல். மரத்தில் சிக்கியிருந்தால் முதலில் குளவிக்கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். கூடு தெரிந்தால் கல்லெறியாமல், சத்தமில்லாமல் திரும்பி வாருங்கள். மின் கம்பியில் தொங்கினால் தடியைத் தேடாதீர்கள், மின்சார சபைக்குச் சொல்லுங்கள்.

மீட்ட உடனே பற்றரியைக் கழற்றுங்கள். பதிவை அழிக்காமல் கணினிக்கு மாற்றிய பிறகே அடுத்த ஏவுதல். பழைய பதிவின் மேல் புதியது எழுதிவிடும் நிரல்களே அதிகம்.